சிறையும் திறந்த மனமும்: வ.உ.சி.யின் சிறைக்கால நூல்களில் நம்பிக்கையின் இயல்பு

ஆய்வுச் சுருக்கம்

1908 முதல் 1912 வரை சிறைப்பட்டிருந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை, ஆங்கிலேய எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கத் தொடங்கியதும், மெய்யறம், மெய்யறிவு ஆகிய அறநூல்களை இயற்றியதும் அக்காலத்தில்தான். மொழிபெயர்ப்பு நூல்களும் முதல்நூல்களும் இதுவரை பெரும்பாலும் தனித்தனியே பேசப்பட்டு வந்துள்ளன. இரண்டையும் ஒருங்குவைத்து நோக்கும் இக்கட்டுரை, ஆலனிடம் இருந்து பெற்ற ‘மனமே வாழ்வு’ என்னும் கொள்கையைத் திருக்குறள் வழிவந்த அறமரபுக்குள் வைத்து வ.உ.சி. எவ்வாறு திருத்தி அமைத்தார் என்பதை விளக்குகிறது. துன்பக் காலத்து நம்பிக்கை அவரிடம் அரசியலைக் கைவிட்ட அகநிலை ஆறுதலாக அமையவில்லை என்பது இதன் கருத்து.

குறிச்சொற்கள்: வ.உ.சி., ஜேம்ஸ் ஆலன், மெய்யறம், மெய்யறிவு, இடுக்கணழியாமை, சிறை இலக்கியம்.

முன்னுரை

வ.உ.சி. என்றவுடன் தமிழர் நினைவில் எழும் காட்சிகள் இரண்டு. ஒன்று கப்பல், மற்றொன்று செக்கு. ம.பொ.சி.யின் நூலும், அதன்வழி 1961இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைப்படமும் இவ்விரு காட்சிகளையும் பொதுமக்கள் மனத்தில் ஆழப் பதித்தன. கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் இழுத்த செக்கு இன்று நினைவுச்சின்னமாகப் போற்றப்படுகிறது. பாளையங்கோட்டையில் அவர் பெயரால் மைதானம் இருக்கிறது. ஆனால் செக்கிழுத்த கைகள் எழுதவும் செய்தன என்பது தமிழ்த்துறைகளுக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை. துறைகளுக்குள்ளும் தொல்காப்பியப் பதிப்பாசிரியர் என்ற அளவில் அவர் நினைக்கப்படும் அளவுக்கு அறநூலாசிரியராக நினைக்கப்படுவதில்லை.

இக்கட்டுரைக்கு வித்திட்டது ஒரு வகுப்பறை நிகழ்ச்சி. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது. வெள்ளம் வடிந்து வகுப்புகள் மீண்டும் தொடங்கியபோது பாட வரிசையில் வந்து நின்றது ‘மனம்போல வாழ்வு’. மனிதனின் சூழ்நிலை அவன் எண்ணங்களின் விளைவே என்னும் அந்நூற்கருத்தை நான் விளக்கி முடித்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்து, “அப்படின்னா ஐயா, எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்தது எங்க மனசாலயா?” என்று கேட்டார். அன்று அவ்வினாவுக்கு நிறைவான விடை என்னிடம் இல்லை. அவ்வினா ஆலனைக் குறித்து எழுந்ததா, வ.உ.சி.யைக் குறித்து எழுந்ததா என்று பிரித்தறிவதற்கே சில காலம் ஆயிற்று. அப்பிரிப்பே இக்கட்டுரை.

1908: தாமிரபரணிக் கரையில்

வரலாற்றுப் பின்புலத்தைச் சுருங்கக் கூறலாம். ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5இல் பிறந்த வ.உ.சி., வழக்கறிஞராகத் தூத்துக்குடியில் தொழில் நடத்தி வந்தார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள், ஆக முதலீடு 10 இலட்சம் ரூபாய் என்பது திட்டம். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். தமிழ்ப் புலமையும் கப்பல் வணிகமும் ஒரே கூட்டத்தில் அமர்ந்திருந்தன என்பதை இங்கே கருதவேண்டும். பின்னாளில் வ.உ.சி. தொல்காப்பியத்தின் பக்கம் சென்றது திடீர்த் திருப்பமன்று.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கிச் சில நாள்களிலேயே தொழிலாளர்க்கு வெற்றியாக முடிந்தது. மார்ச் 12இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கிளர்ச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்து நால்வர் உயிரிழந்தனர். விசாரணைக் காலம் முழுவதும் பாளையங்கோட்டைச் சிறையே அவர்க்கு இருப்பிடம். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரச நிந்தனைக்காக ஓர் ஆயுள், சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்காக மற்றோர் ஆயுள் என நாடு கடத்தல் தண்டனை இரண்டு. அப்போது அவருக்கு வயது 35. செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை பிறழ்ந்தார். மேல்முறையீட்டில் தண்டனை 6 ஆண்டுகளாகக் குறைந்தது. கோயம்புத்தூர், பின்னர்க் கண்ணனூர் எனச் சிறைவாசம் தொடர்ந்து, 1912 டிசம்பரில் விடுதலை கிட்டியது. அதற்கிடையில், 1911இல், கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது.

அதே 1911 ஜூன் 17இல் மணியாச்சிச் சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக்கொன்று தம்மையும் மாய்த்துக்கொண்டார் வாஞ்சிநாதன். ஒரே மாவட்டம், ஒரே நெருக்கடி, அடுத்தடுத்த ஆண்டுகள். அடைக்கப்பட்ட அரசியல் வழிகளுக்கு முன்னால் ஓர் இளைஞர் கண்ட வழி அது. கண்ணனூர்ச் சிறையில் இருந்தவர் கண்ட வழி வேறு. ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது இங்கு நோக்கமன்று. நம்பிக்கைக்கு இடமேயில்லாத காலம் அது என்பதை உணர்த்தவே இரண்டையும் அருகருகே வைக்கிறேன்.

ஆலனை ஏன் தேர்ந்தார்?

ஜேம்ஸ் ஆலன் 1864இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் பிறந்தவர். பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற தந்தை அங்கே இறந்துபோக, 15 வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றவர். பின்னர் இல்ஃபிரகூம் என்னும் கடலோரச் சிற்றூரில் ஒதுங்கி வாழ்ந்து சிறுசிறு நூல்களாக எழுதியவர். 1912 ஜனவரியில் அவர் மறைந்தார். அவ்வாண்டு இறுதியில் வ.உ.சி. சிறைமீண்டார். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டவரல்லர்.

வ.உ.சி. தமிழாக்கிய ஆலன் நூல்கள் நான்கு: மனம்போல வாழ்வு, அகமே புறம், வலிமைக்கு மார்க்கம், சாந்திக்கு மார்க்கம். முதல் நூல் 1909இல் வெளிவந்ததாக வ.உ.சி. நூற்பட்டியல்கள் குறிக்கின்றன. அகமே புறம் 1914இலும், வலிமைக்கு மார்க்கம் 1916இலும், சாந்திக்கு மார்க்கம் 1934இலும் வெளிவந்தன. முதல் நூலுக்கும் கடைசி நூலுக்கும் இடையே கால் நூற்றாண்டு. சிறைத்துயரில் கையில் கிடைத்ததைப் பற்றிக்கொண்டவரின் செயல் இதுவன்று. வாழ்நாள் முழுவதும் ஒரு சிந்தனையோடு உரையாடியவரின் செயல்.

இத்தேர்வின் அருமை ஒப்பிட்டால் புலப்படும். வ.உ.சி. தம் அரசியல் வழிகாட்டியாகக் கொண்ட திலகருக்கும் அதே 1908 ஜூலையில், வ.உ.சி.யின் தீர்ப்புக்கு இரண்டு வாரத்துக்குப்பின், தண்டனை வழங்கப்பட்டது. மாண்டலேச் சிறையில் திலகர் கீதைக்கு உரைகண்டார். அந்நியரிடம் தோற்ற வேளையில் தம் மரபின் மூலநூலுக்குத் திரும்புவது இயல்பானது, வலிமையும் தருவது. வ.உ.சி.யோ முதலில் எடுத்தது தம்மைச் சிறையிட்ட நாட்டாரின் மொழியில், அந்நாட்டு எளிய மனிதர் ஒருவர் எழுதிய சிறுநூலை. ஆங்கிலக் கப்பலை எதிர்த்தவர்க்கு ஆங்கில நூலின்மேல் பகை இல்லை. ஆட்சியையும் அறிவையும் அவர் வேறு வேறாகப் பிரித்து வைத்திருந்தார். துன்பத்தில் மனம் குறுகுவதே பெருவழக்கு. வஞ்சிக்கப்பட்டவனுக்கு எதிரியின் எல்லாமும் நஞ்சாகத் தோன்றும். அக்குறுகலுக்கு அவர் இடங்கொடாததே அவரது நம்பிக்கைக்கு அடிப்படை என்பது என் கருத்து.

தலைப்புகள் கூறுவன

மொழிபெயர்ப்பாளரின் உள்ளத்தை அறிய நூலின் உள்ளே செல்வதற்கு முன் தலைப்புகளிலேயே சற்று நிற்கலாம். முதல் நூலின் ஆங்கிலத் தலைப்பு விவிலிய நீதிமொழிகளின் 23ஆம் அதிகாரத்தில் இருந்து எடுக்கப்பட்டது. விவிலியத் தமிழுக்குப் பெரும் பங்களித்த பாளையங்கோட்டைப் பகுதியில் அவ்வசனத்தின் தமிழ் வடிவம் அறியாத ஒன்றன்று. வ.உ.சி. அதனைப் பின்பற்றவில்லை. மனம்போல வாழ்வு என்பது நம் பெரியோர் வாயில் வாழ்த்தாகவும் பழமொழியாகவும் வழங்குவது. வேற்றுமொழி வேதவாக்கு ஒன்று தமிழ்ப் பாட்டியின் வாய்மொழியாக மாறிவிட்டது. மாறும்போது பொருளும் சற்றே நெகிழ்கிறது. மூலத்தில் உள்ளது விதி. தமிழில் உள்ளது வாழ்த்தும் கலந்த மொழி. ‘எண்ணியபடியே ஆவாய்’ என்னும் கண்டிப்பு, ‘மனம்போல அமையட்டும்’ என்னும் கனிவோடு கலந்து ஒலிக்கிறது.

இரண்டாம் நூலின் தலைப்பு மேலும் நுட்பமானது. இதயத்தில் இருந்து வெளியே என்பது போன்ற பொருள்தரும் ஆங்கிலத் தொடருக்கு ‘அகமே புறம்’ என்று பெயரிட்டார். அகம், புறம் என்னும் சொற்கள் தமிழ்ப் புலவர் செவியில் உள், வெளி என்ற அளவில் நில்லா. பொருளிலக்கணம் முழுவதும் அவற்றின்பின் வந்து நிற்கும். இடையில் உள்ள ஏகாரம் எத்தகையது? தொல்காப்பியம் ஏகாரத்துக்குப் பொருள் ஐந்து கூறும். இங்குப் பிரிநிலை எனக் கொண்டால், அகம் ஒன்றே புறமாகிறது, பிறிதொன்றும் அதற்குக் காரணமன்று என்று ஆகும். அதுவே ஆலனின் கொள்கை. தேற்றம் எனக் கொண்டால், அகம் புறமாக வெளிப்படுதல் உறுதி என்னும் அளவில் நிற்கும். பிற காரணங்களை அது மறுக்காது. மாணவியின் வினா பிரிநிலை ஏகாரத்தை நோக்கி எழுந்தது. வ.உ.சி.யின் பிற நூல்கள் தேற்ற ஏகாரத்தின் பக்கமே சாய்கின்றன என்பதைப் பின்னர்க் காட்டுவேன். இலக்கண நுணுக்கத்தில் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று சிலர் வினவக்கூடும். தொல்காப்பிய எழுத்ததிகார இளம்பூரணத்தை 1928இல் பதிப்பித்தவர் வைத்த தலைப்பு என்பதால் ஏற்றலாம் என்றே நினைக்கிறேன்.

மூன்றாம் நூலில் இன்னொரு மாற்றம். வறுமையில் இருந்து வலிமைக்கு என்பது மூலத் தலைப்பின் கருத்து. தமிழில் வறுமை இல்லை. ‘வலிமைக்கு மார்க்கம்’ மட்டுமே உள்ளது. 1916இல் வ.உ.சி. வறுமையின் நடுவே இருந்தவர். அச்சொல்லை அவர் விட்டது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் ‘வலிமை’ என்றவுடன் குறள் பயின்றவர்க்கு வலியறிதல் அதிகாரம் நினைவுக்கு வரும். வள்ளுவர் அங்கே செயலின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவலி என நான்கையும் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார். தன் வலி நான்கில் ஒன்றே. ஆலனின் வலிமையில் மாற்றானும் இல்லை, துணையும் இல்லை.

ஆலனிடம் உள்ள இடர்

ஆலனின் முதல் நூலில் ஏழு இயல்கள். எண்ணமும் ஒழுக்கமும், எண்ணம் சூழ்நிலையைப் பாதிக்கும் வகை, உடலைப் பாதிக்கும் வகை, குறிக்கோள், சாதனை, இலட்சியக் காட்சி, மன அமைதி என்ற வரிசையில் அவை செல்கின்றன. மனிதன் தன்னைத்தானே ஆக்கவும் அழிக்கவும் வல்லவன் என்பது மையக்கருத்து. இதன் ஆற்றல் தெளிவு. அடிமைப்பட்ட நாட்டில், விதியென்று முடங்கிக் கிடந்த மக்களிடம் ‘உன் வாழ்வு உன் கையில்’ என்று கூறுவது அரசியல் செயலே. சிறையில் அனைத்தையும் இழந்தவர்க்கு இன்னும் இழக்காத ஒன்றை அது காட்டியது.

ஆனால் அதன் மறுபக்கத்தை மறைப்பது ஆய்வறமன்று. சூழ்நிலை எண்ணத்தின் விளைவே எனில், துன்புறுபவன் தன் துன்பத்துக்குத் தானே குற்றவாளி ஆகிறான். கோரல் ஆலைத் தொழிலாளி குறைந்த கூலி பெற்றது அவன் எண்ணக்குறையாலா? துப்பாக்கிச் சூட்டில் இறந்த நால்வர் தம் எண்ணத்தாலா இறந்தனர்? ஆலனைக் கடைசி வரை இழுத்துச் சென்றால் இவ்வினாக்களைத் தவிர்க்க முடியாது. இன்று தன்முன்னேற்ற நூல்களின் வரிசையில் வ.உ.சி.யின் இம்மொழிபெயர்ப்புகள் மறுபதிப்புக் காண்கின்றன. அவை பரவுவது மகிழ்ச்சியே. எனினும் முதல்நூல்களைப் பிரித்துவிட்டு மொழிபெயர்ப்புகளை மட்டும் படிப்போர்க்கு, வேலைநிறுத்தம் நடத்திய வ.உ.சி. ஒருவர், எல்லாம் மனமே என்ற வ.உ.சி. வேறொருவர் என்று தோன்றிவிடும்.

இதற்கு அவர் எழுதிய மறுப்புரை எதுவும் இல்லை. அவர் தந்த விடை நூல்களின் அமைப்பில் இருக்கிறது.

மெய்யறிவு: உடம்பு முன், மனம் பின்

மெய்யறிவு, கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகளுக்கு அறநூல்களைக் கற்பித்த சூழலில் பிறந்த வெண்பா நூல். பத்து அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்து வெண்பா. கொலையும் களவும் செய்து தண்டனை பெற்றவர்களும் இருக்கும் சிறையில் வழக்கறிஞர் ஒருவர் ஆசிரியராக அமர்ந்தார் என்பதே சிந்திக்கத்தக்கது. அவர்களைத் திருந்தாதவர் என்று தள்ளியிருந்தால் நூல் பிறந்திராது.

அதிகார முறையைக் காண்போம். தன்னையறிதல், விதியியலறிதல், உடம்பை வளர்த்தல், மனத்தையாளுதல் என்று தொடங்கி, தன்னிலையில் நிற்றல், மறங்களைதல், அறம்புரிதல், தவஞ்செய்தல் எனச் சென்று, மெய்யுணர்தல், மெய்ந்நிலையடைதல் என முடிகிறது. இங்கு இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, விதியைப் பற்றிய அதிகாரம் தொடக்கத்திலேயே வைக்கப்பட்டிருத்தல். விதியை மறைத்துவிட்டு முயற்சியைப் பேசுவது எளிது. அவர் அதனை முதலில் எதிர்கொண்டு, அதன் இயல்பை அறியச் சொல்லிவிட்டே மேற்செல்கிறார்.

இரண்டாவது, மனத்தையாளுதலுக்கு முன் உடம்பை வளர்த்தல் வருவது. ஆலனிடம் உடல் மனத்தின் ஏவலாள். எண்ணம் தூயதானால் உடல் தானே நலம்பெறும் என்பது அவர் கருத்து. செக்கிழுத்தவர் அவ்வாறு எழுதவில்லை. பட்டினியும் கடும் உழைப்பும் உடம்பை என்ன செய்யும், உடம்பு நைந்தால் மனம் என்னாகும் என்பதைக் கற்றறிந்தவர் அவர். ஆகவே உடம்புக்குத் தனியதிகாரம் தந்து, அதனை மனத்துக்கு முன் நிறுத்தினார். திருமூலர் முதலிய சித்தர் மரபில் உடம்பைப் பேணுதல் ஏற்கெனவே அறமாகப் போற்றப்பட்டதுதான். அம்மரபை அறிந்தே இவ்வரிசை அமைந்திருக்கவேண்டும். ஆலனை ஏற்றவர் ஆலனைத் திருத்திய இடம் இது.

மெய்யறம்: ஐம்பது அதிகார அரசியல்

இன்னும் பெரிய திருத்தம் மெய்யறத்தில் உள்ளது. 1914இல் வெளிவந்த இந்நூலில் 125 அதிகாரங்கள். ஒவ்வொன்றிலும் பத்து ஓரடிப் பாக்கள். மாணவரியல் 30, இல்வாழ்வியல் 30, அரசியல் 50, அந்தணவியல் 10, மெய்யியல் 5 என ஐந்து பகுதிகள். குறளைப் பின்பற்றிய நூல் என்று பொதுவாகக் கூறிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். குறளில் இருந்து வேறுபடும் இடங்களே நமக்கு வேண்டியவை.

மாணவர்க்கெனத் தனி இயல் குறளில் இல்லை. கல்வி, கேள்வி முதலியன அங்கே அரசியலில் வரும். வ.உ.சி. மாணவரியலை நூலின் வாயிலில் நிறுத்தினார். கம்பெனி அழிந்து, இயக்கம் சிதறி, தோழர்கள் சிறைப்பட்டிருந்த வேளையில் ஒருவர் எழுதும் அறநூல் துறவில் தொடங்கியிருந்தால் வியப்பதற்கில்லை. இவர் தொடங்கியது இன்னும் வளராத பிள்ளைகளில் இருந்து. எதிர்காலம் உண்டு என்று அவர் வாதிடவில்லை. எதிர்காலத்துக்குப் பாடம் எழுதிவிட்டார். அவரது நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து அரசியல். நூலில் ஐந்தில் இரண்டு பங்கு அதற்கே உரியது. எல்லாம் மனமே என்று நம்பியவர்க்கு ஐம்பது அதிகார அரசியல் எதற்கு? அரசு, படை, நாடு, நீதி ஆகியவை மனிதர் வாழ்வை ஆக்கவும் அழிக்கவும் வல்லவை என்பதை ஏற்றவரே அவற்றுக்கு இத்துணை இடம் ஒதுக்குவார். துறவும் மெய்யியலும் சேர்ந்து பதினைந்து அதிகாரமே பெறுகின்றன. ஆலனின் உலகில் மனமும் இறைமையும் உண்டு. அரசு என்ற ஒன்றே இல்லை. ஆகவே மெய்யறத்தையும் மனம்போல வாழ்வையும் ஒருவரே ஒரே காலப்பகுதியில் எழுதினார் என்பதை முரணாகக் காணவேண்டியதில்லை. ஒன்றில் இல்லாததை மற்றொன்றால் நிரப்பினார். ஏகாரம் தேற்றமே.

இடுக்கணழியாமையின் இருப்பிடம்

இவ்விணைப்புக்கு அவர் எங்கிருந்து முன்மாதிரி பெற்றார் என்பதற்கும் குறளே விடை. துன்பத்தில் கலங்காமையைக் கூறும் இடுக்கணழியாமை 63ஆம் அதிகாரம். அறத்துப்பாலிலோ துறவறவியலிலோ அது இல்லை. பரிமேலழகர் வகுப்பின்படி பொருட்பாலில், 25 அதிகாரங்கள் கொண்ட அரசியலின் கடைசி அதிகாரமாக அது நிற்கிறது. அதற்கு முன் நிற்பவை ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை. அரசியலுக்குச் சற்று முன், அறத்துப்பாலின் இறுதியில், ஊழ் நிற்கிறது.

இவ்வைப்புமுறையை நாம் பாடம் நடத்துகையில் போதிய அளவு கருதுவதில்லை. துன்பம் வந்தபோது கலங்காதிருத்தல் என்பதை ஒதுங்கியிருப்பவர் பெறும் அமைதியாக வள்ளுவர் கருதவில்லை. செயலில் இறங்கியவர்க்கு, முயன்று இடறியவர்க்கு, மீண்டும் முயலவேண்டியவர்க்கு உரிய பண்பாகவே அதனை வைத்தார். முயற்சியைக் கூறும் அதிகாரத்துக்குப் பின் அது வருவதன் காரணமும் இதுவே. முயலாதவனுக்கு இடுக்கண் இல்லை. வெறும் துன்பம்தான் உண்டு. இடுக்கண் என்பது வழியில் நேர்வது. வழி செல்பவனுக்கே அது நேரும்.

1917இல் திருக்குறள் அறத்துப்பால் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தவரும், பின்னர் 1935இல் அறத்துப்பாலுக்குத் தாமே உரைகண்டவருமான வ.உ.சி.க்குக் குறளின் இவ்வமைதி தெரியாததன்று. ஆலன் கூறிய மன அமைதியை அவர் குறளின் இடுக்கணழியாமையாகவே படித்தார் என்று கொண்டால் முடிச்சு அவிழ்கிறது.

விடுதலைக்குப் பின்

நம்பிக்கையை எழுதியவர் அதன்படி வாழ்ந்தாரா என்ற வினாவைத் தவிர்ப்பது நேர்மையாகாது. விடுதலைக்குப் பின் வாழ்வு எளிதாக அமையவில்லை. வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. சென்னையில் அவர் மேற்கொண்ட சிறு வணிகம் நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்க இந்தியர் அவருக்கெனத் திரட்டிய பணம் காந்தியடிகள் வழியாக அவர் கைக்கு வந்துசேர 1915, 1916ஆம் ஆண்டுகளில் கடிதப் போக்குவரத்து நீண்டது. தொகை 347 ரூபாய் 12 அணா. அத்தொகைக்காக அவர் காத்திருக்க வேண்டியிருந்த நிலையை ஆ.இரா. வேங்கடாசலபதியின் ஆய்வு விரிவாகக் காட்டியுள்ளது. பத்து இலட்சம் ரூபாய்க் கம்பெனிக்குத் திட்டமிட்டவர் அவர்.

இக்காலத்தில் அவர் செய்தவற்றில் மூன்றை மட்டும் கூறுகிறேன். ஒன்று, கல்வி நின்றுவிடவில்லை. மேற்கூறிய குறள், தொல்காப்பியப் பதிப்புகள் இக்காலத்தவை. பொருளதிகார இளம்பூரணத்தில் எஸ். வையாபுரிப் பிள்ளையுடன் இணைந்து உழைத்தார். இரண்டாவது, உரிமத்தை மீளப் பெற உதவிய ஆங்கிலேய நீதிபதி வாலஸின் பெயரை நன்றியின் அடையாளமாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று வைத்தார். இதனைப் பணிவு என்று குறைகாண்போர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. ஆட்சியை எதிர்த்தார், ஆட்சியைச் சேர்ந்த ஒரு மனிதரின் நேர்மையை மதித்தார். ஆலனைக் கையில் எடுத்த அதே மனம்தான் இது. மூன்றாவது, தாம் முன்பு கொண்ட அரசியல் கருத்துகளையும் அவர் மறுபரிசீலனைக்கு உட்படுத்தினார். 1920இல் காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டத்தோடு உடன்படாமல் விலகியவர், 1927இல் சேலம் அரசியல் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். அத்தலைமையுரை ‘எனது அரசியல் பெருஞ்சொல்’ என நூலாயிற்று.

திறந்த மனத்துக்கு விலையும் உண்டு. பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்தது என்று நம்பி ‘இன்னிலை’க்கு அவர் உரையெழுதிப் பதிப்பித்தார். பிற்கால ஆய்வாளர் பலர் அது பழைய நூலன்று, பின்னாளில் புனைந்தது என்று காட்டினர். பதிப்பியல் வகுப்பில் இதனை அவரது பிழையாகக் கூறுகிறோம், கூறவும் வேண்டும். எல்லாவற்றையும் ஐயுற்றுக் கதவடைத்தவருக்கு இப்பிழை நேர்ந்திராது. அத்தகையவர் இல்ஃபிரகூமில் இருந்து வந்த சிறுநூலையும் சிறைக்குள் பிரித்திருக்க மாட்டார். ஏற்பதும் ஆராய்வதும் சமமாக அமைவது அரிது. அவரிடம் ஏற்பது சற்றே மிகுந்திருந்தது.

அரசியலில் அவர் எண்ணியவற்றுள் பெரும்பாலானவை அவர் காலத்தில் கைகூடவில்லை. 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் அவர் மறைந்தபோது விடுதலை இன்னும் பத்தாண்டுக்கு மேல் தொலைவில் இருந்தது. சுதேசிக் கப்பல் அவர் வாழ்நாளில் மீளவில்லை. மனம்போல வாழ்வு அமையும் என்பதை எண்ணியது கைகூடும் என்று பொருள்கொண்டால், அதனைத் தமிழில் தந்தவரின் வாழ்வே அதற்கு முதல் மறுப்பாகும். சாந்திக்கு மார்க்கத்தை மறைவுக்கு இரண்டாண்டுக்கு முன்னரும் அவர் வெளியிட்டார் என்பதால், அவர் அவ்வாறு பொருள்கொள்ளவில்லை என்பது உறுதி.

இப்போது மனம்போல வாழ்வை நடத்தும் பருவத்தில் மெய்யறத்தின் அதிகார அட்டவணையையும் ஒரு தாளில் அச்சிட்டு மாணவர் கையில் தந்துவிடுகிறேன். வெள்ளம் பற்றிக் கேட்ட மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். ஆறு, ஏரி, மடை ஆகியவற்றைப் பேணுவது யார் கடமை என்ற அவ்வினாவின் மறுபாதியை இன்று நான் அந்த ஐம்பது அதிகாரங்களின் பக்கத்தில் வைத்தே தொடங்குகிறேன்.